கூனி என்பது இறால் குஞ்சு இல்லை

வணக்கம் நேயர்களே. கருவாட்டுக் கடையில் சாக்கு வாயைத் திறந்து வைத்து அள்ளிப் போடுவார்களே, சென்னாக்கூனி என்கிற பொடி இறால், இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பிடிக்காமல் விட்டிருந்தால் வளர்ந்து பெரிய இறாலாகியிருக்குமே என்று பலர் வருத்தப்படுகிறார்கள். ஆகாது. அது தனி இனம், பெரும்பாலும் நாலு சென்டிமீட்டரைத் தாண்டாது, ஓராண்டுகூட உயிரோடு இருப்பதில்லை.

நம் நாட்டில் அதிகம் அகப்படும் கூனிக்கு அறிவியல் பெயர் அசெட்டஸ் இண்டிகஸ். 1830இல் பெயர் வைத்தவர் பிரெஞ்சு விலங்கியலாளர் ஆன்ரி மில்ன் எட்வர்ட்ஸ். உயிரோடு ஒன்று கிடைத்தால் வெள்ளைத் தட்டில் கொஞ்சம் கடல் தண்ணீர் ஊற்றி விட்டுப் பாருங்கள்: உடம்பு கண்ணாடி மாதிரி, கறுப்புப் புள்ளியாய் இரண்டு கண், வால் துடுப்பில் சிவப்புப் பொட்டு. காலை எண்ணுங்கள், அதுதான் முக்கியம். மற்ற இறால்களுக்கு ஐந்து ஜோடி நடைகால், இதற்கு மூன்றுதான். தரையில் நடக்கிற பிழைப்பு இதற்கு அவ்வளவாக இல்லை, நீந்தியே காலம் தள்ளுகிறது.

இருப்பிடம் கரையோரம், முகத்துவாரம், சேறு கலங்கிய ஆழமில்லாத தண்ணீர். மிதக்கிற நுண்ணுயிர்களையும் மக்கிய தூசியையும் தின்றுகொண்டு கூட்டம் கூட்டமாகத் திரியும், நீரோட்டம் இழுத்த பக்கம் போகும். குஜராத், மகாராஷ்டிரக் கரையில் கடலின் ஏற்ற இறக்கம் பலம், அங்கே டோல் என்ற பை வலையை ஓட்டத்துக்கு எதிராக வாய் திறந்து கட்டிவிடுகிறார்கள், தண்ணீரே ஜவ்லாவை, அதாவது கூனியை, உள்ளே தள்ளிவிடும். அதே கூனியைத் தின்னத்தான் பம்பாய் வாத்து என்கிற பொம்பில் மீனும் அங்கே சுற்றுகிறது. நம் பக்கம் கடல் அவ்வளவு ஏறி இறங்குவதில்லை, அந்த முறை எடுபடாது.

சரி, அப்போது குஞ்சுகள் சாகவே இல்லையா? சாகின்றன. கூனிக்குப் போடுவது கண்ணி நெருக்கமான வலை, கூட்டம் இருக்கிற அதே தண்ணீரில்தான் நிஜமான இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கின்றன, எல்லாம் சேர்ந்தே ஏறிவிடும். ஆகவே கூனி வாங்குவதைப் பாவம் என்று நான் சொல்லமாட்டேன், கூடவே என்ன வந்திருக்கிறது என்றுதான் பார்ப்பேன். வாங்கும்போது ஒரு கைப்பிடியைக் காகிதத்தில் பரப்புங்கள். குட்டிக் குட்டி மீனாக நிறையக் கிடந்தால் அந்தச் சாக்கு வேண்டாம். மணல்தான் என்றால் பரவாயில்லை, வெறும் சட்டியில் வறுத்துப் புடைத்தால் போய்விடும், அப்புறம் முருங்கைக்கீரையோடு கிளறுங்கள்.