முள்வேலிக்குள் சிரித்த குழந்தைகள்

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா ஜப்பானிய வம்சாவளி மக்களை முகாம்களில் அடைத்தது என்று போன பதிவில் சொன்னீர்கள். ஆனால் கலிஃபோர்னியாவில் இருந்த மான்சனார் முகாமின் படங்களில் குழந்தைகள் சிரிக்கிறார்கள், பேஸ்பால் ஆடுகிறார்கள். அவ்வளவு மோசமாக இல்லையோ?"

கேட்க வேண்டிய கேள்விதான். முதலில் படங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸை அங்கே படமெடுக்க விட்டார்கள். ஆனால் காவல் கோபுரத்தையும் முள்வேலியையும் எடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. இன்னொரு புகைப்படக் கலைஞர் டொரோதியா லாங்கே எடுத்த படங்களை ராணுவம் போர் முடியும்வரை வெளியே விடவில்லை. நாம் பார்ப்பது வடிகட்டிய காட்சி.

ஆனாலும் அந்தச் சிரிப்பு பொய்யில்லை. குழந்தைக்கு எந்த இடமும் பழகிவிடும். 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரின் நடிகர் ஜார்ஜ் டாக்கேயை 1942-இல் குடும்பத்தோடு கொண்டுபோனபோது அவருக்கு ஐந்து வயது. முதலில் சான்டா அனிட்டா குதிரைப் பந்தய மைதானத்தின் லாயத்தில் தங்கவைத்தார்கள். குதிரை தூங்கிய இடத்தில் தூங்குவது அவருக்கு வேடிக்கையாக இருந்ததாம். அடுத்து ஆர்கன்சா மாநிலத்தில் ரோவர் முகாம். ராத்திரி கழிப்பறைக்குப் போகும்போது காவல் கோபுரத்தின் விளக்கு அவர் பின்னாலேயே வரும். நமக்கு வழி காட்டுகிறார்கள் என்று அந்தப் பிள்ளை நினைத்தது! பள்ளியில் தினமும் கொடியைப் பார்த்து, 'அனைவருக்கும் சுதந்திரமும் நீதியும்' என்று உறுதிமொழி சொல்வார்கள். ஜன்னலுக்கு வெளியே முள்வேலி.

இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனசு கனத்துவிடும்.

அப்புறம், முகாமில் சாப்பாடு பொதுக் கூடத்தில். வரிசையில் நின்று வாங்க வேண்டும். நாளாக ஆக, பிள்ளைகள் அம்மா அப்பாவோடு உட்காராமல் நண்பர்களோடு சாப்பிடப் போய்விட்டார்கள். சமைத்துப் போட அம்மாவுக்கு அடுப்பில்லை. கையால் தூக்க முடிந்ததை மட்டும் கொண்டுவரலாம் என்று சொல்லியிருந்ததால் கடையும் பண்ணையும் போய், அப்பாவும் வெறுங்கையாக நிற்கிறார். வீட்டில் பெரியவர்களுக்கு இருந்த இடம் கரைந்துபோனது. இது எந்தப் படத்திலும் தெரியாது.

மான்சனாரில் ஓர் அனாதை இல்லமும் இருந்தது. பெற்றோர் இல்லாத குழந்தைகளைக்கூடத் தேடிப்பிடித்து அங்கே சேர்த்தார்கள். ஜப்பானுக்கு உளவு பார்ப்பார்கள் என்ற சந்தேகத்தில்தான் இவர்களை அடைத்தார்கள். கைக்குழந்தை என்ன உளவு பார்க்கும்? அடைக்கப்பட்ட சுமார் 1,20,000 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். இத்தனைக்கும் ஜெர்மானிய, இத்தாலிய வம்சாவளியினரை இப்படி மொத்தமாக அள்ளவில்லை. காரணம் இனவெறுப்பு, போர்க்காலப் பீதி, அரசியல் தலைமையின் தோல்வி என்று அரசே அமைத்த ஆணையம் 1983-இல் சொன்னது.

சரி, வலி எப்போது வந்தது? பலருக்கு வெளியே வந்த பிறகுதான். டாக்கே குடும்பம் லாஸ் ஏஞ்சலஸ் திரும்பியபோது வீடு இல்லை, வறியவர்கள் வாழும் தெருவில்தான் இடம் கிடைத்தது. பள்ளியில் ஓர் ஆசிரியை அவரை இனத்தைச் சொல்லி இழிவாகக் கூப்பிட்டார். பதின்வயதில் அவர் அப்பாவிடம் சண்டை போட்டார்: ஆட்டுமந்தை மாதிரி ஏன் எங்களைக் கூட்டிக்கொண்டு போனீர்கள் என்று. அப்பா, 'நீ சொல்வது சரியாக இருக்கலாம்' என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மகன் அதற்கு மன்னிப்புக் கேட்கவே இல்லை. அப்பா 1979-இல் இறந்துவிட்டார். 1988-இல்தான் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுக்கச் சட்டம் போட்டது.