ஸ்க்ரூஜ் வீட்டு ஜன்னலுக்கு வெளியே

நேயர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் வந்தால் போதும், ஏதாவது ஒரு திரையில் ஸ்க்ரூஜ் என்ற கிழவர் வந்துவிடுவார். எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனிதர். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஆவிகள் வந்து உலுக்க, விடிவதற்குள் திருந்திவிடுகிறார். சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ கதையை இப்படி மூன்று வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் அப்போது அது வெறும் கஞ்சனின் கதையாகிவிடுகிறது. புத்தகத்தில் பார்த்தால் ஸ்க்ரூஜ் அப்படி ஒன்றும் உலகத்தில் இல்லாத பிறவி இல்லை. அன்றைய இங்கிலாந்தின் சட்டம் என்ன சொன்னதோ, அதைத்தான் அவரும் சொல்கிறார்.

கதையின் தொடக்கத்தில் இரண்டு பெரிய மனிதர்கள் ஏழைகளுக்காக நிதி கேட்டு அவரிடம் வருகிறார்கள். “ஏன், சிறைச்சாலைகள் இல்லையா? ஒர்க்ஹவுஸ்கள் நடக்கவில்லையா?” என்று கேட்கிறார். ஒர்க்ஹவுஸ் என்றால் ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கும் விடுதி. அங்கே போவதைவிடச் செத்துப்போகலாம் என்று பலர் நினைப்பதாக அவர்கள் சொன்னதும், “செத்தால் சாகட்டும், உபரி மக்கள்தொகை குறையும்” என்கிறார். இது கல்நெஞ்சக்காரன் ஒருவன் வாய்க்கு வந்ததைப் பேசியது இல்லை. 1834-இல் இங்கிலாந்தில் ஏழையர் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். உதவி வேண்டுமா, ஒர்க்ஹவுஸுக்குள் வா என்பதுதான் அதன் சாரம். உள்ளே போனால் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் இன்னொரு பக்கம். வெளியே அடிமட்டக் கூலிக்காரன் படும் பாட்டைவிட உள்ளே இருப்பவன் நிலை மோசமாக இருக்க வேண்டும் என்பதே கொள்கை. அப்போதுதான் யாரும் வாசலுக்கே வர மாட்டார்களாம். ‘உபரி’ என்ற கணக்கு மால்தஸிடமிருந்து வந்தது. உணவு பெருகும் வேகத்தைவிட மக்கள்தொகை வேகமாகப் பெருகும் என்று 1798-இல் எழுதிய பொருளாதார அறிஞர் அவர். ஆக, ஸ்க்ரூஜ் அன்றைய படித்த மனிதர். வரி கட்டுகிறவர். சட்டப்படி அவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

டிக்கன்ஸுக்கு இந்த உலகம் கேள்விப்பட்டதல்ல. கடன் கட்ட முடியாமல் அவருடைய அப்பா மார்ஷல்ஸி சிறையில் இருந்தபோது, பன்னிரண்டு வயதுப் பையனான அவர் ஷூ பாலிஷ் தயாரிக்கும் இடத்தில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். 1843-இல் குழந்தைத் தொழிலாளர் நிலைபற்றி அரசு ஆணையத்தின் அறிக்கை அவர் கைக்கு வந்தது. ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு துண்டுப் பிரசுரம் எழுதுவதாகச் சொன்னவர், சில நாட்களிலேயே மனம் மாறினார். இருபதாயிரம் மடங்கு பலமாக அடிக்கப்போகிறேன், பொறுங்கள் என்று கடிதம் எழுதினார். பிறகு சுமார் ஆறு வாரத்தில் எழுதி முடித்த கதை டிசம்பர் 19 அன்று வெளிவந்தது. பிரசுரமாக எழுதியிருந்தால் இன்று ஏதோ ஒரு நூலகத்தின் மூலையில் கிடந்திருக்கும் என்பது என் எண்ணம்.

சரி, ஆவிகளுக்கு வருவோம். முதலில் வருவது ஸ்க்ரூஜின் செத்துப்போன கூட்டாளி மார்லி. நம்மூர்ப் பேய்கள் உயிரோடிருந்தபோது தங்களுக்கு நடந்த அநியாயத்தைச் சுமந்துகொண்டு அலையும். மார்லி சுமப்பதோ தான் செய்ததை. இடுப்பில் நீண்ட சங்கிலி. அதில் கல்லாப்பெட்டி, சாவி, பூட்டு, பேரேடு, பத்திரம், எஃகினால் ஆன பணப்பை. ஒவ்வொரு கண்ணியையும் நானே செய்தேன் என்கிறது ஆவி. கவனியுங்கள், அந்தச் சங்கிலியில் கத்தி இல்லை, ரத்தக்கறை இல்லை. எல்லாம் ஆபீஸ் சாமான்.

மார்லி போனபின் ஸ்க்ரூஜ் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறார். கதையைச் சுருக்கிச் சொல்கிறவர்கள் சுலபமாக விட்டுவிடும் இடம் இது. எனக்கோ புத்தகத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது. காற்று முழுக்க ஆவிகள், எல்லாவற்றுக்கும் சங்கிலி. வெள்ளை வேஸ்ட்கோட் போட்ட ஓர் ஆவியின் கணுக்காலில் ராட்சத இரும்புப் பெட்டகம். கீழே ஒரு வாசற்படியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு உதவ முடியவில்லையே என்று அந்த ஆவி கதறி அழுகிறது. இங்கே நரகமும் இல்லை, எண்ணெய்க் கொப்பரையும் இல்லை. உதவ ஆசை வந்துவிட்டது, உதவும் சக்தி போய்விட்டது, தண்டனை அவ்வளவுதான். அதே காட்சியில், ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டப்பட்ட சில ஆவிகளையும் காட்டி, இவை குற்றம் செய்த அரசாங்கங்களாக இருக்கலாம் என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி போட்டுவிட்டுப் போகிறார் டிக்கன்ஸ். போகிற போக்கில் சொல்வதுபோல இருக்கும். ஆனால் குற்றம் தனி மனிதனோடு முடியவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்து பாப் கிராட்சிட், ஸ்க்ரூஜின் குமாஸ்தா. வாரச் சம்பளம் 15 ஷில்லிங், வீட்டில் ஆறு பிள்ளைகள். ஆபீஸில் கரிப்பெட்டி முதலாளியின் அறையில் இருக்கிறது. கரி எடுக்க உள்ளே போனால் வேலைக்கே உலை. பாவம், மெழுகுவர்த்தியில் குளிர் காய்ந்து பார்க்கிறார். அவர் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்தை நிதானமாகப் படியுங்கள். வாத்து இறைச்சி போதாது. ஆப்பிள் சாஸும் மசித்த உருளைக்கிழங்கும் சேர்த்து ஈடுகட்டுகிறார்கள். துணி வெளுக்கும் அண்டாவில்தான் புட்டிங் வெந்திருக்கிறது, அதனால் சலவை நாள் வாசனை. இவ்வளவு பெரிய குடும்பத்துக்கு இது சின்ன புட்டிங் என்று யாரும் வாய் திறக்கவில்லை. வீட்டில் இருக்கும் கண்ணாடிச் சாமானே இரண்டு டம்ளரும் பிடி உடைந்த ஒரு கோப்பையும். இந்த வறுமையைப் பற்றி டிக்கன்ஸ் ஒரு சொற்பொழிவும் ஆற்றவில்லை, அந்தக் கோப்பையை மட்டும் மேஜையில் வைத்துவிடுகிறார்.

அந்த வாத்து வெந்தது பேக்கரி அடுப்பில். ஏழை வீடுகளில் அதற்கான அடுப்பு கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளிலும் சமையலைப் பேக்கரிக்குத்தான் எடுத்துப் போவார்கள். ஓய்வுநாள் புனிதம் என்று சொல்லி அந்த அடுப்புகளை ஞாயிறன்று மூடச் சட்டம் கொண்டுவர 1830-களில் சிலர் படாத பாடு பட்டார்கள். மார்லிக்குப் பின் வரும் மூன்று கிறிஸ்துமஸ் ஆவிகளில் இரண்டாவது இதற்குச் சூடாகப் பதில் சொல்கிறது: எங்கள் பேரைச் சொல்லி இதையெல்லாம் செய்கிறவர்கள் யாரென்றே எங்களுக்குத் தெரியாது!

அந்த ஆவி விடைபெறும் முன் தன் அங்கிக்கு அடியிலிருந்து இரண்டு குழந்தைகளைக் காட்டுகிறது. மஞ்சள் பூத்து, எலும்பும் தோலுமாய், ஓநாய்ப் பார்வையோடு இருக்கும் குழந்தைகள். பையன் பேர் அறியாமை, பெண் பேர் இல்லாமை. இருவரையும் கண்டு பயப்படு, பையனைக் கண்டு இன்னும் அதிகமாகப் பயப்படு என்கிறது ஆவி. அந்த வருடம் செப்டம்பரில் லண்டன் ஃபீல்டு லேனில், தெருப்பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளிக்கூடத்தை டிக்கன்ஸ் நேரில் பார்த்திருந்தார். இவர்களுக்குப் போக இடமில்லையா என்று ஸ்க்ரூஜ் கேட்க, “சிறைச்சாலைகள் இல்லையா?” என்று அவர் வார்த்தையையே ஆவி திருப்பி வீசுகிறது.

கடைசியில் என்ன நடக்கிறது? பாப்புக்குச் சம்பள உயர்வு, இன்னொரு கரிச்சட்டி, ஒரு பெரிய வான்கோழி. 1834-இன் சட்டம் அசையவே இல்லை. வான்கோழி பாப்புக்குப் போனதால் யாருக்கு இல்லாமல் போனது என்று 1844-இல் ‘வெஸ்ட்மின்ஸ்டர் ரெவ்யூ’ இதழ் கிண்டலாகக் கேட்டது. அந்தக் கேள்வி குதர்க்கம். ஆனால் முதலாளிக்கு மனசு வந்தால்தான் குமாஸ்தா பிழைப்பான் என்ற முடிவு எனக்கும் உறுத்துகிறது. புத்தகத்தின் விலையைப் பார்த்தால் ஓரளவு புரியும்: 5 ஷில்லிங். பாப்பின் வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. டிக்கன்ஸ் பேசியது ஸ்க்ரூஜ்களிடம்தான், பாப் அதை வாங்கியிருக்கவே முடியாது.

பத்து வருடம் கழித்து, 1853 டிசம்பரில், பர்மிங்காம் டவுன் ஹாலில் இந்தக் கதையை அவரே மேடையேறி வாசித்தார். அதில் ஒரு நாள் தொழிலாளர்களுக்கென்று ஒதுக்கி, கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். 30-ஆம் தேதி இரவு அவர்கள் வந்து அரங்கை நிறைத்தார்கள். வாசிப்பதற்கு முன் டிக்கன்ஸ் கொஞ்ச நேரம் பேசினார். அந்த ஊரில் அப்போது தொடங்கவிருந்த கல்வி நிலையத்தின் நிர்வாகத்தில் தொழிலாளிக்கும் பங்கு இருக்க வேண்டும் என்றார்.

நன்றி, வணக்கம்.