இரண்டு மணி நேரம் தேடிய ஒற்றை உருண்டை

வணக்கம் மக்களே. கண்ணைச் சுற்றி வட்டம் விழுந்திருக்கிறது, தெரிகிறதா? இரண்டு மணி நேரம் மைக்ராஸ்கோப்பை விட்டு எழவே இல்லை. ஆனால் கிடைத்துவிட்டது! கவுன்சில்மேன் உருண்டை, அதாவது செத்துச் சுருங்கிய கல்லீரல் செல், கிடைத்துவிட்டது!

போன வீடியோவின் முகப்புப் படம் நினைவிருக்கும். ஹெபடைடிஸ் வைரஸ் உள்ளே புகுந்ததும் கல்லீரல் செல் பலூன் மாதிரி வெடிக்கும். நான் வரைந்ததுதான். இப்போது அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது, ஏனென்றால் அது தப்பு. ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் பெரும்பாலும் தாமாகச் செல்லைக் கொல்வதில்லை. சத்தம் போடாமல் குடியிருந்து, நகலெடுத்து, வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும். கொல்வது நம் ஆள்தான், நோய் எதிர்ப்புப் படையின் வெள்ளை அணுவான டி செல்.

செல்லின் மேற்பரப்பில் வைரஸின் துணுக்கு ஒட்டியிருப்பதை டி செல் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கும். உடனே பெர்ஃபோரின் என்ற புரதத்தால் துளை போட்டு, கிரான்சைம் என்ற கொல்லும் என்சைமை உள்ளே தள்ளும். இல்லையென்றால் ஃபாஸ் என்ற ஏற்பியைத் தொட்டு, 'நீ போகலாம்' என்று சொல்லிவிடும். கல்லீரல் செல் கொஞ்சம் பிடிவாதக்காரன், அந்தச் சொல் மட்டும் அதற்குப் போதாது. உள்ளே காஸ்பேஸ்-8 என்ற வெட்டும் என்சைம் போய் பிட் என்ற புரதத்தை வெட்ட வேண்டும். வெட்டுப்பட்ட துண்டு மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகும், அங்கிருந்து சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசியும், அதன் பிறகுதான் காஸ்பேஸ்-3 செல்லைப் பிரித்துப் போடும். செல் வெடிக்காது. சுருங்கும், உட்கரு இறுகும், அப்புறம் துண்டு துண்டாகும்.

இதற்கு 'செல் தற்கொலை' என்று பெயர் வைத்திருக்கிறார்களே, எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. 1972-இல் கெர், வில்லி, கரி என்ற விஞ்ஞானிகள் மூவரும் அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். கிரேக்கத்தில் இலை உதிர்வது என்று பொருள். நம்மிடம் 'உதிர்தல்' இருக்கும்போது தற்கொலை எதற்கு? சொல்ல மறந்துவிட்டேன், கெர் இதை முதலில் கவனித்ததே எலியின் கல்லீரலில்தான்.

சரி, உருண்டைக்கு வருவோம். சுருங்கிய செல்லில் புரதம் நெருக்கிக்கொண்டு நிற்கும், அதனால் அடர் இளஞ்சிவப்பாகத் தெரியும். இருங்கள், சாயத்தைச் சொல்லவில்லையே! ஹீமடாக்சிலின், ஈயோசின். அந்தச் சிவப்பு ஈயோசினுடையது. அமெரிக்க நோயியலாளர் கவுன்சில்மேன் இதை விவரித்தது மஞ்சள் காய்ச்சலில், ஆனால் வைரஸ் ஹெபடைடிஸிலும் இதே உருண்டைதான்.

ஏன் இரண்டு மணி நேரம்? பாதிக் காரணம் கல்லீரல். உதிர்ந்த துண்டுகளை, கல்லீரலின் துப்புரவாளர்களான கூஃபர் செல்கள் சில மணி நேரத்திலேயே விழுங்கிவிடுகின்றன, அதனால் ஸ்லைடில் அங்கொன்று இங்கொன்றுதான் மிஞ்சும். மீதிப் பாதி என் புத்தி. நூறு மடங்கு லென்ஸுக்கு எண்ணெய் விட்டேன். பிறகு யோசிக்காமல் நாற்பதுக்குத் திருப்பினேன், அதுவும் எண்ணெயில் குளித்துவிட்டது. 'எண்ணெய் விட்ட பிறகு நாற்பது பக்கம் போகவே கூடாது' என்று உங்களிடம் எத்தனை வீடியோவில் கத்தியிருக்கிறேன்! லென்ஸ் தாளால் துடைத்தேன், மங்கல். மறுபடி துடைத்தேன், நடுவில் மட்டும் தெளிவு. ஆறாவது தாளில்தான் ஒழுங்காகத் தெரிந்தது. ஆமாம், எண்ணினேன்.

இன்னொன்று, தொற்றிய செல் எல்லாவற்றையும் கொன்றால் கல்லீரலே மிஞ்சாது. ஹெபடைடிஸ் பி-யில் இன்டர்ஃபெரான் காமா போன்ற, நோய் எதிர்ப்புச் செல்கள் விடும் புரதங்கள் செல்லைக் கொல்லாமலேயே வைரஸை அடக்குவதும் உண்டு. ஹெபடைடிஸ் சி-யில் இரத்தத்தில் ஏஎல்டி (கல்லீரல் செல் சேதமானால் கசியும் என்சைம்) அளவு இயல்பாக இருக்கும்போதே உள்ளே செல் உதிர்ந்துகொண்டிருக்கலாம். உதிரும் செல் தன் சரக்கைச் சவ்வுக்குள் கட்டிக்கொண்டே போகும், அவ்வளவாகச் சிந்தாது.

இதோ, கேமராவை மாட்டிக் காட்டுகிறேன். ஸ்லைடைக் கொஞ்சம் இடது பக்கம்... ஐயோ. நகர்ந்துவிட்டது. மேடையின் அளவுகோல் எண்ணைக் குறித்து வைத்தேனா? இல்லை. நாற்பதில் மறுபடி தேடலாம் என்றால், ஸ்லைடு மேலே இன்னும் எண்ணெய் இருக்கிறது.