கல்லூரியின் சம்பளக் கடனுக்கு முன்னாள் மாணவரின் உண்டியலா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிகளுக்காக ஆடும் விளையாட்டு வீரர்களுக்குக் கொடுக்கப்படும் பணத்தில் முன்னாள் மாணவர்களும் பங்கேற்க வேண்டுமா என்பது இன்று நம் முன் உள்ள கேள்வி. வேண்டும் என்று எதிரணியினர் மிக உருக்கமாகப் பேசி அமர்ந்திருக்கிறார்கள். வேண்டாம் என்று வாதிட நான் எழுந்திருக்கிறேன். வீரர்களுக்குப் பணமே கூடாது என்று எங்கள் அணி சொல்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம்; கொடுத்தே தீர வேண்டும் என்பதில் எதிரணியைவிட நாங்கள் ஒரு படி மேலே நிற்கிறோம். அந்தப் பணம் கல்லூரியின் கணக்கிலிருந்து, சம்பளமாக, எழுத்துப்பூர்வமான ஒப்பந்தத்தோடும் முதலாளிக்குரிய பொறுப்போடும் வர வேண்டுமே தவிர, பட்டம் வாங்கிப் போன பழைய மாணவர்களின் சட்டைப் பையிலிருந்து வரக் கூடாது என்பதுதான் எங்கள் வழக்கு.

“படிக்க வைத்த கல்லூரி தாயைப் போன்றது, தாய்க்குக் கஷ்டம் என்றால் பிள்ளைகள் கைகொடுக்க வேண்டாமா” என்று எதிரணித் தலைவர் கேட்டார், அவையும் கைதட்டியது. இந்தத் தாயின் கஷ்டம் எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். பிக் டென் என்னும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு 2022-இல் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய தொலைக்காட்சி நிறுவனங்களோடு செய்துகொண்ட ஏழாண்டு ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் அதிகம். ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நடக்கும் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்பு உரிமையை, கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 2010-இல் பதினான்கு ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு விற்றது. அது போதாதென்று, 2032 வரை நீட்டிப்பதற்காக மேலும் 880 கோடி டாலர் பேசப்பட்டது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் தன் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அமெரிக்கக் கால்பந்து) பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரைப் பதவி நீக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குக் கொடுத்தாக வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலரைத் தாண்டியது. வேலை செய்வதற்கு அல்ல, வேலை செய்யாமல் வீட்டுக்குப் போவதற்கு! அதன் முதல் தவணைக்குப் பயன்படும் என்று பல்கலைக்கழகத் தரப்பு அறிவித்ததோ, விளையாட்டு ஆர்வலர்களும் முன்னாள் மாணவர்களும் நன்கொடை கொடுத்து வளர்த்த அறக்கட்டளையின் பணத்தை.

இத்தனை கோடிகள் புரண்ட அதே ஆண்டுகளில் ஆட்டக்காரரின் நிலை என்ன? 2014-இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்குக் கூடைப்பந்துக் கோப்பையை வென்று கொடுத்த ஷபாஸ் நேப்பியர், சாப்பிடக் காசில்லாமல் பசியோடு படுத்த இரவுகள் உண்டு என்று செய்தியாளர்களிடம் சொன்னார். வீரர்களுக்கு அளவில்லாமல் உணவு தரலாம் என்று என்.சி.ஏ.ஏ. விதியைத் தளர்த்தியது அந்த மாதத்தில்தான். எனவே, கல்லூரியிடம் பணம் இல்லை என்ற வாதம் பெரிய கல்லூரிகளைப் பொறுத்தவரை செல்லாது.

பணம் இருந்தும் ஏன் கொடுக்கவில்லை? இதற்கு விடை 1955-இல் இருக்கிறது. கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் லூயிஸ் ஏ அண்ட் எம் கல்லூரிக்காக ஆடிய ரே டென்னிசன் என்ற வீரர், ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். வேலையில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குச் சட்டப்படி கிடைக்கும் இழப்பீட்டை அவருடைய மனைவி கேட்டார். கல்லூரி ஒன்றும் கால்பந்துத் தொழில் நடத்தவில்லை, அதனால் இறந்தவர் அதன் பணியாளரும் அல்லர் என்று கூறி, 1957-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது. என்.சி.ஏ.ஏ.வின் அன்றைய தலைமை நிர்வாகி வால்டர் பயர்ஸ் காலத்தில் ‘மாணவ வீரர்’ என்ற பட்டம் விதிப்புத்தகங்களில் எல்லாம் ஏறியதும் இதே பின்னணியில்தான். ஆட்டக்காரர் ஊழியர் ஆகிவிட்டால் காப்பீடு, காய இழப்பீடு, சங்கம் அமைக்கும் உரிமை எல்லாம் பின்னாலேயே வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். கல்லூரிகள் அன்று அஞ்சியதும் இன்று அஞ்சுவதும் இந்த ஒன்றுக்குத்தான். பணச் செலவு இரண்டாவது அச்சமே.

நடுவர் அவர்களே, முன்னாள் மாணவர்களின் பணம் இந்த இடத்தில்தான் உள்ளே நுழைகிறது. வீரர்கள் பெறும் பலன்களுக்கு என்.சி.ஏ.ஏ. விதித்த வரம்பை எதிர்த்து வீரர்களே தொடுத்த ஆல்ஸ்டன் வழக்கில், 2021 ஜூன் மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த சில நாட்களிலேயே, ஜூலை 1 முதல், வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்திச் சம்பாதிக்கலாம் என்று கதவு திறந்தது. காலணி நிறுவனமோ உள்ளூர் கார் விற்பனையாளரோ வீரரை வைத்து விளம்பரம் எடுத்தால் அது வியாபாரம்; அதில் எங்களுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஆனால் அந்தக் கதவு வழியாகக் கூட்டமாக நுழைந்தவை ‘கலெக்டிவ்’ எனப்படும் நன்கொடைக் குழுக்கள். முன்னாள் மாணவர்களிடமும் செல்வந்த ரசிகர்களிடமும் பெருந்தொகையாகவும் மாதச் சந்தாவாகவும் பணம் திரட்டி, கையொப்பமிடவும் நிகழ்ச்சியில் தலைகாட்டவும் என்று பெயருக்கு ஒரு வேலையைக் குறிப்பிட்டு, வீரர்களுக்குக் கொடுப்பதே இவற்றின் பணி. கையொப்பத்துக்கு அத்தனை ஆயிரம் டாலரா என்று யாரும் கேட்பதில்லை. அது ஆட்டத்துக்கான சம்பளம் என்பது கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். கல்லூரிக்கு மட்டும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். சம்பளம் வெளியாளிடமிருந்து வருகிறவரை, “இவர் எங்கள் ஊழியர் அல்லர்” என்று 1957-இல் கிடைத்த பதிலையே கல்லூரி சொல்லிக்கொண்டிருக்கலாம். முன்னாள் மாணவர் தரும் ஒவ்வொரு டாலரும் வீரரின் பைக்குப் போவது உண்மைதான். அதைவிடப் பெரிய உதவி கல்லூரிக்கு நடந்துவிடுகிறது: முதலாளி ஆகாமலே ஆட்டத்தின் லாபத்தை அனுபவிக்கும் வசதி.

இந்த ஏற்பாட்டில் வீரருக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது என்பதற்கு ஜேடன் ரஷாடாவின் கதையைப் பார்க்கலாம். கலிஃபோர்னியாவில் பள்ளி முடித்த குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி அணியின் ஆட்டத்தை நடத்தும் கால்பந்து வீரர், அவர். 2022-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் சேர ஒப்புக்கொண்டார். அங்குள்ள நன்கொடைக் குழு ஒன்று அவருக்கு 1 கோடியே 38 லட்சத்து 50 ஆயிரம் டாலர் தருவதாக ஒப்பந்தம் எழுதியது. பிறகு அக்குழுவே அதை ரத்து செய்தது. 2023 ஜனவரியில் அவர் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து விடுவிப்புப் பெற்று வேறு கல்லூரிக்குப் போக வேண்டியதாயிற்று. 2024-இல் பயிற்சியாளர் மீதும் நன்கொடையாளர் மீதும் வழக்குத் தொடுத்தார். குற்றச்சாட்டுகள் சரியா தவறா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். என் கேள்வி வேறு. தொழில்முறை ஆட்டக்காரருக்கு அணியோடு ஒப்பந்தம் உண்டு, அவருக்காகப் பேசச் சங்கம் உண்டு. இந்தப் பிள்ளைக்கு இருந்தது நன்கொடையாளர்களின் மனநிலை மட்டுமே. அந்த மனம் மாறியதும் அவர் தெருவுக்கு வந்துவிட்டார்.

“ரகசியமாகக் கொடுத்ததை இன்று வெளிப்படையாகக் கொடுக்கிறார்கள், இதில் என்ன தவறு” என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் கேட்டார். நல்ல கேள்விதான். டல்லாஸ் நகரின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தைக் கொண்டே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு காலத்தையும் பார்த்த கல்லூரி அது. 1987 பிப்ரவரியில் என்.சி.ஏ.ஏ. அதன் கால்பந்து அணிக்கு ‘மரண தண்டனை’ என்றே பெயர் பெற்றுவிட்ட தண்டனையை விதித்தது. குற்றம் இதுதான்: நன்கொடையாளர் ஒருவரின் பணத்திலிருந்து பதின்மூன்று வீரர்களுக்குச் சுமார் 61,000 டாலர், மாதம் 50 டாலர் முதல் 725 டாலர் வரை, பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஆண்டின் ஆட்டங்கள் முழுவதும் ரத்தாயின. அடுத்த ஆண்டு கல்லூரியே அணியை இறக்கவில்லை. இழந்த இடத்தை மீட்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. வீரர்கள் சிதறி வேறு கல்லூரிகளுக்குப் போனார்கள். பணம் கொடுப்பதைத் தொடரலாம் என்று தானும் சேர்ந்து முடிவெடுத்ததாக, கல்லூரியின் ஆட்சிக்குழுத் தலைவராக இருந்த பில் கிளெமென்ட்ஸ் அடுத்த மாதமே ஒப்புக்கொண்டார். அப்போது அவர் டெக்சாஸ் மாநில ஆளுநர். அவருக்கு என்ன ஆயிற்று? 1991 வரை ஆளுநராகவே இருந்தார்.

முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 2023-இல், அதே பல்கலைக்கழகம் அட்லாண்டிக் கோஸ்ட் என்னும் பெரிய கூட்டமைப்பில் 2024 முதல் சேர ஒப்புக்கொண்டது. சேர்வதற்கு விலையாக ஒன்பது ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சி வருமானமே வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தது. எந்தத் தைரியத்தில்? ஒரே வாரத்தில் 10 கோடி டாலர் திரட்டிக் கொடுத்த நன்கொடையாளர்களின் தைரியத்தில். 2024-இல் அணி தேசிய சாம்பியன்ஷிப்புக்கான பன்னிரண்டு அணிகளுள் ஒன்றாக இடம்பிடித்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் பாருங்கள், உழைப்பின் நேரடி விளைச்சலான ஒளிபரப்புப் பணத்தைக் கல்லூரி தானாகவே கைவிட்டு, தன் முன்னாள் மாணவர்களின் தயவில் ஒன்பது ஆண்டு வாழ முடிவெடுத்திருக்கிறது. அன்று ரகசியம், இன்று பகிரங்கம் என்ற மாற்றம் உண்மை. அன்றும் இன்றும் யார் மனம் வைத்தால் காரியம் நடக்கும் என்பதில் எந்த மாற்றமும் இல்லை.

பெண்கள் விளையாட்டைப் பற்றி எதிரணியின் மூன்றாம் பேச்சாளரான சகோதரி சொன்னதற்கு நான் பாதி உடன்படுகிறேன். நிஜாரி கேனடி என்ற சாஃப்ட்பால் வீராங்கனை 2024-இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, அங்குள்ள முன்னாள் மாணவர்களின் நன்கொடைக் குழு அவருக்கு ஓராண்டுக்குக் கொடுத்த தொகை 10,50,024 டாலர். கடைசியில் நிற்கும் அந்த 24 டாலர் அவருடைய சட்டை எண்ணுக்கு. கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. அவர் வந்த முதல் ஆண்டிலேயே அணி தேசிய இறுதிப் போட்டிவரை போனது. ஆனால் அரசின் நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வாய்ப்பு வேண்டும் என்ற 1972-ஆம் ஆண்டின் ஒன்பதாம் தலைப்புச் சட்டம், கல்லூரியைக் கேள்வி கேட்கும். தனியாரின் நன்கொடைக் குழுவைக் கேட்காது. ஒரு குழு தன் பணம் முழுவதையும் கால்பந்து ஆண்களுக்கே கொடுத்தால், ஓர் ஓட்டப்பந்தய வீராங்கனை யார் மீது வழக்குப் போடுவார்? 2025 முதல் கல்லூரியே நேரடியாகக் கொடுக்கும் பங்கிலும் பெரும்பகுதி கால்பந்துக்குத்தானே போகிறது என்பீர்கள். போகிறது, அது அநியாயம். இத்தகைய அநியாயத்தை எதிர்த்து வீராங்கனைகள் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். அங்கே போக முடிகிறது என்பதே வித்தியாசம்.

வரி விஷயத்தில் நேரம் கடத்த விரும்பவில்லை. இந்தக் குழுக்களில் பல தங்களைத் தொண்டு நிறுவனம் என்று பதிவு செய்துகொண்டன. வீரர்களின் தனி லாபத்துக்காக நடக்கும் பல குழுக்களுக்கு வரிவிலக்கு பொருந்தாது என்று 2023-இல் அமெரிக்க வருமான வரித்துறையின் குறிப்பு சொல்லிவிட்டது.

இனி, எதிரணியின் கடைசிக் கோட்டை. “கல்லூரி நேரடியாகக் கொடுக்க விதி இடம் தரவில்லையே, அந்த இடைவெளியை யார் நிரப்புவது” என்பது 2021-இல் நியாயமான வாதம். 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன், வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரச உடன்பாட்டுக்கு ஒப்புதல் அளித்தார். பழைய வீரர்களுக்குப் பத்தாண்டுகளில் சுமார் 280 கோடி டாலர் நிலுவை. ஜூலை 1 முதல், உடன்பாட்டில் சேரும் ஒவ்வொரு கல்லூரியும் முதல் ஆண்டில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். தடை நீங்கிவிட்டது. இதற்குப் பிறகும் நன்கொடைக் குழுக்கள் எதற்கு? அந்த உச்சவரம்புக்கு மேலும் செலவழித்து, பக்கத்துக் கல்லூரியின் வீரரை இழுப்பதற்கு. 600 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள வெளி ஒப்பந்தங்களை அறிவிக்க வேண்டும், வியாபார நோக்கம் உண்மையாக இருக்க வேண்டும் என்று புதிய விதி வந்தவுடன், நன்கொடையை வியாபாரம் போல உடுத்திக் காட்டும் வேலையும் கூடவே வளர்கிறது.

ஒளிபரப்புப் பணமே இல்லாத சிறிய கல்லூரிகள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். லாபம் தராத ஆட்டத்துக்குப் படிப்பு உதவித்தொகையும் மருத்துவக் காப்பீடும் போதும். அவற்றுக்காக முன்னாள் மாணவர்கள் கல்லூரியின் நிதியில் சேர்த்துக் கொடுக்கட்டும், அது பழைய வழக்கம், நல்ல வழக்கம். இந்த அவையில் அமெரிக்காவில் முதுகலை படித்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். உதவித்தொகையோடு படித்தவர்களும், கடன் வாங்கிப் படித்தவர்களும் உண்டு. ஆண்டு இறுதியில் கல்லூரியிலிருந்து தொலைபேசி வரும்போது, அடுத்து வரும் மாணவரின் கல்விக் கட்டணத்துக்குக் கொடுங்கள், ஆய்வகத்துக்குக் கொடுங்கள். குவார்ட்டர்பேக்கின் சம்பளத்துக்கு என்று கேட்டால், அதைச் சம்பளப் பட்டியலில் ஏற்றுங்கள் என்று சொல்லுங்கள்.

டார்ட்மத் கல்லூரிக் கூடைப்பந்து வீரர்கள் 2024 மார்ச்சில் 13-க்கு 2 என்ற வாக்கில் சங்கம் அமைக்க முடிவு செய்தார்கள். அவர்களுக்கு விளையாட்டு உதவித்தொகைகூடக் கிடையாது. அவர்கள் கேட்டது யாருடைய நன்கொடையையும் அல்ல, கல்லூரியோடு உட்கார்ந்து பேசும் உரிமையை. கல்லூரி பேச மறுத்தது, ஆண்டு இறுதியில் சங்கத்துக்கான மனு திரும்பப் பெறப்பட்டது. எதிரணியில் அடுத்துப் பேச வரும் நண்பர் தாய், பிள்ளை, நன்றிக்கடன் எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு இதற்கு மட்டும் விடை சொல்லட்டும்: நன்கொடைக் குழுவின் பணத்தில் ஆடும் ஒரு வீரருக்கு அக்டோபர் மாதம் முழங்கால் தசைநார் அறுந்து, ஜனவரியில் அக்குழு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டால், சட்டப்படி அவருக்கு யார் பொறுப்பு? நடுவர் அவர்கள் அந்த விடையைக் கேட்ட பிறகு தீர்ப்பு வழங்குமாறு வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.