அந்தப் பிள்ளைக்கு யார் அடிச்சது?

(வெள்ளவத்தையில் பெண்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். ‘அழகும் தன்னம்பிக்கையும்’ என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். அதைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் என் சலூன் சுவரில் தொங்கிய ஒரு படத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் பத்தொன்பது வருடமாகச் சலூன் நடத்துகிறேன். ஒருமுறை ஒரு கொம்பனி தன் ஐ ஷடோவுக்குப் பெரிய பொஸ்டர் ஒன்று தந்தது. கண் இமையிலிருந்து கன்ன எலும்பு வரை ஊதாவும் கருநீலமும் இழுத்துப் பூசிய முகம். ஓரத்தில் லேசாக மஞ்சள். தொழில்காரியாகச் சொல்கிறேன், அருமையான வேலை. நிறம் நிறத்துக்குள் கரைகிற மாதிரி அப்படிப் பூசுவது லேசில்லை. நானே பிரேம் போட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆளில்லாத நேரம், ஒரு பெண் வந்தார். முப்பது வயது இருக்கும். பின்னேரம் தங்கச்சிக்கு நிச்சயதார்த்தமாம். சால்வையை விலக்கி, “அக்கா, இதை மறைக்க ஏலுமா?” என்றார். இடது கண்ணுக்குக் கீழே கண்டல். இரண்டு மூன்று நாள் ஆகியிருக்க வேண்டும். நடுவில் ஊதா, ஓரம் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் தொழிலில் கேட்பதில்லை. கண்டலை நேரே பவுண்டேஷனால் மூடினால் சாம்பல் பூத்துக் காட்டிக்கொடுத்துவிடும். முதலில் ஊதாவின் மேல் ஒரேஞ்ச் சாயல் கரெக்டர், பிறகு கன்சீலர், விரல் நுனியால் தட்டித் தட்டி. தேய்த்தால் நோகும்.

பாதி வேலையில் அவர் கண்ணாடியை விட்டுப் பக்கத்துச் சுவரைப் பார்த்தார். “அந்தப் பிள்ளைக்கு யார் அடிச்சது?”

பகிடி என்று நினைத்து நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அரை மணித்தியாலமாக நான் மூடிக்கொண்டிருந்த அதே நிறங்கள், அதே இடத்தில், பிரேமுக்குள். மாதக்கணக்காக என் கண் முன்னால் தொங்கிய படம் அது.

அந்தக் கொம்பனிக்காரர் யாரையும் நோகடிக்க நினைத்திருக்க மாட்டார்கள். நம்புகிறேன். படம் பிடித்தவர், நிறம் திருத்தியவர், அச்சிட்டவர், மாட்டிய நான் எல்லோரும் நிறத்தைத்தான் பார்த்தோம். அடி வாங்கியவர் அடியைக் கண்டார்.

பெரிய பெயர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2010இல் மேக் நிறுவனம் ரொடார்ட்டே என்ற உடை நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு மேக்கப் தொகுதி கொண்டுவர இருந்தது. ரொடார்ட்டேயை நடத்தும் சகோதரிகள் இருவரும் அமெரிக்க – மெக்சிக்கோ எல்லைப் பக்கம் பயணம் போனவர்கள். இருட்டு விலகுமுன் தூக்கக் கலக்கத்தோடு தொழிற்சாலைக்கு நடந்துபோகும் பெண்கள் அவர்கள் மனதில் பதிந்துவிட்டார்கள். அதனால் வெளிறிய, பேயறைந்த மாதிரியான முகங்கள். ஒரு நகப்பூச்சின் பெயர் ‘ஹுவாரெஸ்’, இன்னொன்று ‘ஃபக்டரி’. மெக்சிக்கோவின் ஹுவாரெஸ் நகரில் 1993 முதல் நூற்றுக்கணக்கான பெண்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள்; அவர்களில் பலர் அப்படி வேலைக்குப் போய் வந்தவர்கள். எதிர்ப்புக் கிளம்ப, முதலில் பெயர்களை மாற்றுவதாகச் சொன்னார்கள், கடைசியில் தொகுதியையே விற்பனைக்கு விடவில்லை. நமக்கு இது விளங்குவதற்கு மெக்சிக்கோவுக்குப் போகத் தேவையில்லை. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் திறந்த நாளிலிருந்து, இரவு வேலை முடிந்து போர்டிங்குக்கு நடக்கும் பிள்ளைகளை நாம் பார்க்கிறோம். அந்த நடையை யாராவது லிப்ஸ்டிக் நிறமாக்கினால் எப்படி இருக்கும்?

2017இல் டவ் பேஸ்புக்கில் போட்ட சின்னப் படம் இன்னொரு மாதிரி. கறுப்புப் பெண் மேற்சட்டையைக் கழற்ற வெள்ளைப் பெண்ணாகிறார். அவர் கழற்ற மூன்றாவது பெண். எல்லாத் தோலுக்கும் ஏற்றது என்று சொல்வதுதான் எண்ணம். ஆனால் முதல் இருவரின் படம் மட்டும் தனியே பரவியது. கழுவினால் கறுப்பு வெளுக்கும் என்று 1880களிலேயே பியர்ஸ் சவர்க்கார விளம்பரம் காட்டியிருந்தது, அந்த ஞாபகத்தோடு பார்த்தவர்களுக்கு வேறென்ன தெரியும்? டவ் மன்னிப்புக் கேட்டது. அதில் நடித்த லோலா ஒகுன்யெமி, தன்னைப் பாவப்பட்டவளாகப் பார்க்க வேண்டாம் என்று எழுதினார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஃபெயார் அண்ட் லவ்லி 2020இல் குளோ அண்ட் லவ்லி ஆனது உங்களுக்குத் தெரியும். பெயர் மாறியது, சரி. என்னிடம் வருகிற தாய்மார் கேட்பது மாறவில்லை.

எனக்கு இன்னும் உறுத்துவது வேறொன்று. முகத்திலிருந்து தோல் போல ஒரு மாஸ்க்கை உரித்தெடுக்கும் விளம்பரப் படம். உள்ளே புது முகம். என்னிடம் புருவம் எடுக்க வரும் ஒருவருக்குக் கழுத்திலும் தாடையிலும் எரிகாயத் தழும்பு. சின்ன வயதில் குப்பி விளக்குச் சரிந்தது. அப்படி எரிந்தவர்கள் இந்த நாட்டில் ஏராளம். அதனால்தான் வைத்தியர் விஜய கொடகும்புர சரியாத விளக்கொன்றைச் செய்தார். அதற்கு 1998இல் ரோலக்ஸ் விருது கிடைத்தது. புருவம் எடுக்க வந்தவர் அந்த மாஸ்க் படத்தைக் கண்டதும் கதிரையை மறுபக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

என் அண்ணாவின் மகள் விளம்பரத் துறையில் இருக்கிறாள். “மாமி, எல்லாருக்கும் ஏதோவொன்று நோகும். அப்படிப் பார்த்தால் ஒரு படமும் போட ஏலாது” என்கிறாள். ஊதா நிறத்தைத் தடைசெய்யச் சொல்லி நானும் கேட்கவில்லை. அச்சுக்குப் போகுமுன் என்னைப் போன்ற நாலு சலூன்காரிகளுக்கு, நாலு தாதிமாருக்குக் காட்டு என்றேன். “பட்ஜெட் இல்லை” என்று சிரித்தாள். ஒரு தேத்தண்ணிச் செலவு!

பொஸ்டர் தந்த கொம்பனியின் பெடியன் மறுமாதம் வந்தான். “அக்கா, எங்கட படம் எங்க?” நடந்ததைச் சொன்னேன். “ஐயோ அக்கா, நாங்கள் அப்படி நினைச்சே செய்யேல்லை” என்றான். தெரியும் தம்பி என்றேன். பிரேமைக் காட்டினேன். படம் உள்ளேதான் இருக்கிறது, முகம் சுவர்ப் பக்கம். முதுகில் த்ரெடிங், பேஷியல், மணப்பெண் அலங்காரம் எல்லாவற்றுக்கும் விலை எழுதியிருக்கிறேன்.