கொள்வினை கொடுப்பினை

அவைக்கு வணக்கம்.

ஒரு மேசை விரிப்பைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். இரண்டாம் உலகப் போர்க்காலம். இங்கிலாந்தில் கோவென்ட்ரி என்ற ஊரின் மீது 1940 நவம்பரில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. நடு ஊரே நொறுங்கிப்போனது. பிறகு அந்த ஊர்ப் பெண்கள் 830 பேர் ஒரு துணியில் தங்கள் பெயர்களை நூலால் பின்னினார்கள். ஆளுக்குக் கொஞ்சம் காசும் போட்டு, தங்களைப் போலவே சிதைந்து கிடந்த ரஷ்ய நகரம் ஸ்டாலின்கிராடுக்கு அனுப்பினார்கள். 1944இல் இரண்டும் சகோதர நகரங்களாயின, அதாவது முறைப்படி நட்புறவு பூண்ட ஊர்களாயின.

ஸ்டாலின்கிராடின் இன்றைய பெயர் வோல்கோகிராட். அது நம் சென்னைக்கும் சகோதர நகரம். அமெரிக்காவின் டென்வர் 1984 முதல் நமக்கு உறவு. அதே நாட்டின் சான் அன்டோனியோ 2008 முதல். இது இந்த அரங்கில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? எனக்கே சில வருடங்களுக்கு முன்புதான் தெரிந்தது.

நம் வீடுகளில் எதை உறவு என்போம்? கொள்வினை கொடுப்பினை இருக்க வேண்டும். ஒரு வீட்டில் நடந்த கஷ்டம் அடுத்த வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து, நினைவுப் பரிசோடு அனுப்பி வைத்தால் அது விருந்தோம்பல், அவ்வளவுதான்.

சான் அன்டோனியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் குடிப்பது பெரும்பாலும் நிலத்தடி நீர். எட்வர்ட்ஸ் என்கிற சுண்ணாம்புப் பாறை அடுக்கில் அது தேங்கி நிற்கிறது. பாறை வெடிப்பு விட்டு வெளியே தெரிகிற நிலப்பரப்பு ஒன்று உண்டு. மழை அந்த வழியாகத்தான் உள்ளே இறங்குகிறது. அங்கே வீடும் கடையும் எழும்பினால் தண்ணீர் இறங்கும் வாசல் அடைபடும், இறங்குவதும் அழுக்காக இறங்கும். 2000ஆம் ஆண்டில் அந்த ஊர் மக்கள் வாக்களித்து, விற்பனை வரியில் டாலருக்கு எட்டில் ஒரு சென்ட் கூடுதலாகக் கொடுக்கச் சம்மதித்தார்கள். அந்தப் பணத்தில் நகராட்சி நிலத்தை வாங்கியது. விற்க மனமில்லாதவர்களிடம், கட்டடம் கட்டுவதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு அதற்கு விலை கொடுத்தது. விவசாயி தன் நிலத்திலேயே இருக்கிறார், மழை அதன் வழியிலேயே இறங்குகிறது.

இதைப் படித்தபோது எனக்குப் பள்ளிக்கரணைதான் கண்ணில் நின்றது. ஒரு காலத்தில் பரந்து கிடந்த அந்தச் சதுப்பில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சியிருந்தாலே அதிகம். 2022இல் அதற்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்குத் தரப்படும் ராம்சர் தகுதி கிடைத்தது, நல்ல விஷயம். ஆனால் அதைச் சுற்றியுள்ள பட்டா நிலத்தை என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு இருபது வருட அனுபவத்தோடு பதில் வைத்திருக்கும் ஊர் நமக்குச் சகோதரி! நம் பொறியாளர்கள் அங்கே போனால் மாநாட்டு மண்டபத்தில் உட்கார வேண்டாம். நிலத்தை யார் அளந்தார், விலையை எப்படிப் பேசினார், பத்திரத்தில் எந்த வாசகம் எழுதினார் என்று கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும்.

சரி, நாம் கொடுக்க என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினோம். ஒன்றின் கலங்கல் வழிந்து அடுத்ததற்குப் போகிற ஏரிச் சங்கிலி நம்முடையது. 2018இல் நெதர்லாந்து அரசு தொடங்கிய நீர்த் திட்டம் ஒன்றில் வங்கதேசத்தின் குல்னா, இந்தோனேசியாவின் செமராங் ஆகியவற்றோடு சென்னையும் இருந்தது. அதில் நம் ஊருக்காக உருவான யோசனையின் பெயரே ‘ஆயிரம் குளங்களின் நகரம்’. கடலையே அணை போட்டுத் தள்ளிவைத்த நாட்டிலிருந்து வந்த நிபுணர்கள், இங்குள்ளவர்களோடு உட்கார்ந்து யோசித்து, நம் கோயில் குளத்தையும் ஏரியையும் கையில் எடுத்தார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. நம் குளத்தின் அருமையை வெளியூர்க்காரர் சொல்லிக் கேட்கிறோமே என்ற வருத்தமும் உண்டு.

கஷ்டத்தையும் பகிர வேண்டும். 2018இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் தண்ணீர்தான் என்று கட்டுப்பாடு வந்தது. எந்த வீடு சிக்கனமாக இருக்கிறது என்று தெருவாரியாக வரைபடத்தில் பச்சைப் புள்ளி வைத்தது மாநகராட்சி. அடுத்த ஆண்டே நம் முறை. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வில்லிவாக்கம் வந்தது.

நான் வேளச்சேரிவாசி. 2015 டிசம்பரில் எங்கள் அடுக்ககத்தில் மீட்டர் பெட்டி வரை வெள்ளம். 2019 ஜூனில் அதே வாசலில் காலிக் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்தோம். அப்போதுதான் கிணறு தூர் வாரும் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் கிணற்றைப் பார்க்கவில்லை. நேராக மழைநீர்த் தொட்டியின் சிமென்ட் மூடியைக் கடப்பாரையால் நெம்பினார். “இதைத் திறந்து எத்தனை வருஷம் ஆச்சும்மா?” என்றார். எங்களில் யாருக்கும் தெரியவில்லை. மேலே இருந்த மணல் களியாக இறுகி, பால் கவரும் வாதாம் இலையும் அதில் ஒட்டிக் கிடந்தன. நான்கு சாக்கு சேறு. ஜல்லியைக் கழுவி, புது மணல் போட்டார். அப்புறம் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து, அது இறங்கும் வேகத்தைப் பார்த்தார். அந்த மழைக்காலத்தில் கிணறு மறுபடி ஊறியது.

சட்டம் போட்ட ஊர் நாம்தான், மூடியைத் திறக்காமல் விட்டதும் நாம்தான். வேறு ஊருக்கு நாம் சொல்லித்தர வேண்டிய பாடத்தில் பாதி இந்த இரண்டாவது விஷயம். அதைச் சொல்ல அந்தப் பெரியவரைவிடத் தகுந்தவர் யார்? அடுத்த முறை சென்னையிலிருந்து ஒரு குழு வெளிநாடு போகும்போது அவரைப் போன்ற ஒருவருக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்று கேட்கிறேன். அங்கிருந்து வருபவர்களையும் நட்சத்திர விடுதியோடு அனுப்பிவிடாமல், வார்டு மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபைக் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். மொழிபெயர்க்க நம் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பருவநிலைக்காகக் கைகோத்த பெருநகரங்களின் சி40 அமைப்பில் சென்னையும் உறுப்பினர். 2050க்குள் கரியமில வெளியேற்றத்தை நிகர பூஜ்ஜியமாக்கும், அதாவது வெளியேறுவதையும் உறிஞ்சப்படுவதையும் சமமாக்கும் செயல்திட்டத்தை 2023இல் வெளியிட்டோம். உங்கள் வார்டுக்கு அதில் என்ன இருக்கிறது என்று உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள், தமிழில் கேளுங்கள்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு எங்கள் தெருவில் எல்லாத் தொட்டிகளின் மூடியையும் திறக்கிறோம். பெரியவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கையுறை எங்களிடம் இருக்கிறது. பழைய சாக்கு இருந்தால் கொண்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.