பாம்பனைத் தாண்டுகிற படகு

(பாம்பனை அடுத்த மண்டபம் ஊரில், படகு கட்டும் ஓடாவிமாரும் பொறியியல் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் ஓடாவிமார் உட்கார்ந்திருக்கிறீர்கள். கம்ப்யூட்டரில் படகு வரைகிறவனுக்கு இதைவிடப் பெரிய பரீட்சை கிடையாது.

பழைய தோற்றமும் இன்றைய வசதியும் உள்ள பாய்மரப் படகு வேண்டும் என்று கேட்டால், வரைகிறவர்கள் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் நீட்டுவார்கள். அணியம் என்கிற முன்முனையும் பின்பக்கமும் தண்ணீருக்கு மேல் நீண்டிருக்கும், பக்கச்சுவர் தாழ்ந்திருக்கும், தேக்கில் வார்னிஷ் பளபளக்கும். பார்க்க ராஜா மாதிரிதான். ஆனால் அந்த நீட்டல் கடலுக்காக வந்ததில்லை, பந்தய விதிக்காக வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கப் பந்தயங்களில் நீர்க்கோட்டின், அதாவது உடல் தண்ணீரைத் தொடும் கோட்டின், நீளத்தையும் பாயின் பரப்பையும் அளந்துதான் படகைத் தரம் பிரித்தார்கள். அளவுகோலுக்குச் சிக்காத இடத்தில், அதாவது தண்ணீருக்கு மேலே, உடலை நீட்டிக்கொண்டார்கள். படகு சாய்ந்ததும் அந்த நீட்டலும் நீரில் இறங்கி வேகம் கொடுக்கும். 1903-இல் அமெரிக்கக் கோப்பைக்காக ஓடிய ரிலையன்ஸ் என்ற பந்தயப் படகின் உடல் சுமார் 144 அடி, நீர்க்கோடு 90 அடிக்குள். சட்டத்தின் சந்தில் நுழைந்த அழகு அது.

நாம் பந்தயத்துக்குப் போகவில்லை. நீர்க்கோட்டை அடிக்கணக்கில் எடுத்து, வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் படகு சுகமாக எட்டும் வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்) கணக்கில் வரும். 50 அடிப் படகில் நீர்க்கோடு 35 அடி என்றால் 8 நாட். அணியத்தை நேராக நிறுத்தி 46 அடியாக்கினால் 9 நாட். உள்ளே இடமும் கூடும். தொங்குகிற பின்பக்கத்துக்கு இன்னொரு தொல்லை உண்டு. நங்கூரம் போட்ட பிறகு பாக் நீரிணையின் குட்டை அலை அதன் அடியில் ராத்திரி முழுக்கப் பட் பட்டென்று அறையும். தூங்க முடியாத படகில் வேறு எந்தச் சொகுசைச் செய்து என்ன பயன்?

அதனால் நான் பந்தயக்காரர்களை விட்டுவிட்டு, இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாயில், கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட்டுகள் ஓட்டிய வேலைப்படகுகளின் பக்கம் போகிறேன். நேரான அணியம், பெரிய பாய், ஓட்ட ஓர் ஆளும் ஒரு பையனும் போதும். அதுவும் பழைய அழகுதான், உழைத்து வந்த அழகு.

சரி, நம் கடலுக்கு வருவோம். வடகிழக்கிலிருந்து வாடை அடித்தால் வடகடலான பாக் நீரிணை கொந்தளிக்கும், தென்கடலான மன்னார் வளைகுடா அடங்கியிருக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் வந்தால் தலைகீழ். இந்தக் கரையில் சுகமாக ஓட வேண்டிய படகு, காலத்துக்கு ஏற்றபடி இரண்டு கடலுக்கும் மாற வேண்டும். மாறும் வழி பாம்பன். படகின் உயரத்தையும் ஆழத்தையும் முடிவு செய்வது அந்த வாசல்தான், நானில்லை.

2025-இல் திறந்த புது ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி செங்குத்தாக மேலேறும். 1988-இல் திறந்த சாலைப் பாலம் யாருக்காகவும் ஏறாது. அதனடியில் கிடைப்பது ஏறத்தாழ 22 மீட்டர். இன்றைய உயரமான முக்கோணப் பாய் வைத்தால் 50 அடிப் படகின் பாய்மரம் அந்த அளவை எளிதாகத் தொட்டுவிடும். உச்சியில் ஆன்டெனா வேறு. மேலே சாய்ந்த பருமலில், அதாவது பாய் கட்டும் கழியில், விரியும் பழைய நாற்கோணப் பாய் என்றால், குட்டையான மரத்திலேயே அதே பரப்பு கிடைக்கிறது. எதிர்க்காற்றில் அது முக்கோணப் பாய் அளவுக்கு ஏறிப் போகாது, உண்மை. அதற்கு மோட்டார் இருக்கிறது. பழைய பாயை நான் எடுத்துக்கொள்வது அழகுக்காக இல்லை, பாலத்துக்காக. அழகு இலவசம்.

ஆழமும் இப்படித்தான். இந்த அளவுப் படகின் நிலையான ஏரா, அதாவது அடியில் நீருக்குள் இறங்கும் பகுதி, இரண்டு மீட்டருக்கு மேல் இறங்கும். வடகடலில் கரையை நெருங்கவே விடாது. இந்தப் பக்கத்துப் பழைய பாய்ப்படகுகள் ஆழமில்லாமலே ஓடின. காற்று வரும் பக்கம் பலகையை நீட்டி, ஆட்கள் அதில் ஏறிச் சாய்வைச் சமாளித்தார்கள். மதராஸ் மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் அதைப் பதிவு செய்திருக்கிறார். விருந்துக்கு வந்த சம்பந்தியைப் பலகையில் ஏற்ற முடியாது. அதனால் நுனியில் ஈயக் குண்டு வைத்து, மேலே தூக்கும் ஏரா. தூக்கினால் ஒரு மீட்டர் ஆழம் போதும். அதன் கூடு அறையின் நடுவே துருத்திக்கொண்டு நிற்கும், அதன் மேல் சாப்பாட்டு மேசையைப் போட்டுவிட்டேன்.

வசதி என்றதும் எல்லோரும் ஏசியைக் கேட்கிறார்கள். நம் வெயிலில் முதல் வசதி நிழல், இரண்டாவது காற்று. பாயின் அடியோரத்தைத் தாங்கும் கட்டை மேல் பந்தல் துணி கட்டுங்கள், தளத்தில் வெளிர்நிறம் பூசுங்கள். கருநீல உடல் படத்துக்குத்தான் நன்றாக இருக்கும், மே மாதம் கைவைத்துப் பாருங்கள். 1930-இல் நீரில் இறங்கிய டோரேட் என்ற அமெரிக்கப் படகின் பெயரில் ஒரு காற்றுப்பெட்டி இருக்கிறது. உள்ளே ஒரு தடுப்பு, அவ்வளவுதான். குழாய் வழியாக வரும் கடல்நீர் தடுப்பில் பட்டு ஓரத்துளை வழியாக வெளியே போய்விடும், காற்று மட்டும் அறைக்குள் இறங்கும். கரண்டும் வேண்டாம், விசையும் வேண்டாம். அந்தப் படகு 2013-இலும் கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்க்கு நடந்த பந்தயத்தில் முதலிடம் பிடித்தது.

இவ்வளவும் செய்த பிறகு ஏசி வையுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு லித்தியம் பேட்டரி நூறு கிலோ அளவில் போதும். பழைய ஈய பேட்டரியில் அதே வேலைக்கு அரை டன் தாண்டும். எடையை ஏராவுக்கு அருகே தாழ வையுங்கள். குடிநீருக்கு ஆர்.ஓ. மெஷின். கடல்நீரைக் குடிநீராக்கும் நரிப்பையூர் ஆலையைப் பார்த்த ஊருக்கு அதை விளக்கத் தேவையில்லை.

கழிவறைத் தொட்டியை மட்டும் யாரும் குறைக்கச் சொல்லாதீர்கள். தென்கடலில் பவளப்பாறை, வடகடலில் கடல்புல். இரண்டிலும் கொட்டக் கூடாது, நங்கூரச் சங்கிலியையும் இழுக்கக் கூடாது.

உடல் மரம்தான். ஆனால் மெல்லிய மரத்தகடுகளை எபாக்சி பசையால் ஒட்டிய மரம், பலகை இடுக்கை அடைக்கக் கலப்பத்து அடிக்கும் வேலை இல்லை. ஓடாவிமாருக்கு இதில் வருத்தம் இருக்கும், தெரியும். வளைவைக் கண்ணால் பார்த்துச் சீர் செய்ய இன்னும் உங்கள் கைதான் வேண்டும். வரைபடத்தை அந்த மேசையில் விரித்து வைத்திருக்கிறேன், பென்சிலும் இருக்கிறது. அணியத்தின் தோள் குட்டை அலைக்குக் கொஞ்சம் பருமனோ என்று எனக்கே சந்தேகம். வந்து திருத்துங்கள்.